காலி வண்டிச் சத்தம்

திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் வாசலில் அம்மாவை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். எங்கள் தெரு முனையில் ஒரு வேகத்தடை உண்டு. முன் சக்கரங்கள் ஏறி இறங்கின, ஒன்றுமில்லை. பின் சக்கரங்கள் இறங்கிய நொடியில் இடது பக்கம் அடியிலிருந்து ஒரு ‘டொக்’. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மெலிதாக ஒரு ‘ணங்’. தூக்குவாளியைத் தரையில் வைத்ததும் அதன் பிடி சாய்ந்து விளிம்பில் விழுமே, அப்படி.

ஏசியை அணைத்தேன், பாட்டை அணைத்தேன். நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு மறுபடி அந்த வேகத்தடைக்கே போனேன். டொக், ணங். இரண்டாவது முறை கேட்டபோது மூக்கில் ஒரு வாசனை ஏறியது. பெட்ரோல், பழைய ரப்பர், ஈரச் சாக்கு, தேங்காய்நார்க் கயிறு எல்லாம் கலந்த வாசனை. கடற்கரைக்கு மூன்று தெரு தள்ளி, உப்புக்காற்றுக்கு நடுவில், அப்படி ஒரு வாசனை வருவதற்கு வழியே இல்லை. அது எங்கப்பாவின் அம்பாசிடர் டிக்கி வாசனை. நான் அதற்குள் கடைசியாகப் படுத்திருந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அப்பா கோவில்பட்டியில் டாக்சி ஓட்டினார். கை மாறி வந்த வெள்ளை அம்பாசிடர், மார்க் 3. எங்கள் ஆச்சி அதைக் கார் என்று ஒருநாளும் சொன்னதில்லை, ‘பிளசர்’ என்பாள். “பிளசரு வந்துட்டு, சோத்த வையி” என்று தெரு முக்கில் சத்தம் கேட்டதுமே அம்மாவை விரட்டுவாள். வண்டி வருகிறதா என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. இஞ்சின் உறுமலையும் பின்பக்க முனகலையும் வைத்தே ஸ்டாண்டில் இருந்த ஏழெட்டு வண்டிகளில் எங்கள் வண்டி எது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு என் தெருவில் நாற்பது வண்டிகள் போகின்றன, எல்லாம் ஒரே மாதிரி ‘உஸ்’ஸென்று போகின்றன.

அம்பாசிடர் 1957-லிருந்து 2014 வரை, வங்காளத்தில் உத்தர்பாரா ஆலையில் செய்யப்பட்ட வண்டி. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு அதற்குத் தாய். அத்தனை வருடங்களில் முகப்பும் விளக்கும் இஞ்சினும் மாறின. பின்பக்கத்து வில் மாத்திரம் பட்டை வில்லாகவே இருந்தது. மாட்டுவண்டியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிடும். இரும்புப் பட்டைகளை நீளத்திலிருந்து குட்டை வரை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் துளையிட்டு ஒரு சென்டர் போல்ட்டால் கோத்து, அந்தக் கட்டை அச்சோடு சேர்த்து இரண்டு யூ போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். மேல் பட்டையின் முன் நுனி வண்டியோடு ஒரு புஷ்ஷில் மாட்டியிருக்கும். பின் நுனி மட்டும் ஷேக்கிள் என்ற சின்ன ஊஞ்சலில் தொங்கும். பாரம் ஏறினால் வளைவு நிமிரும். நிமிர்ந்தால் பட்டை நீளும். நீண்டால் ஊஞ்சல் பின்னுக்குப் போய் இடம் கொடுக்கும். இத்தனை மூட்டுகளில் எது தேய்ந்தாலும் வண்டி பேசும்.

எங்கள் பக்கத்து ரோடும் பேச வைக்கும். கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் விரல் நுழைகிற அளவுக்குப் பிளக்கும். மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அடியில் மண் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் இரண்டே வருடத்தில் ரோடு அலை அலையாகிவிடும். குழிகூடப் பரவாயில்லை, பார்த்து ஒதுங்கலாம். இந்த அலைக்கு ஒதுங்க முடியாது. வண்டி தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடும், பின் வில் ஓயாமல் விரிந்து சுருங்கும். “கரிசக்காட்டு ரோட்டுக்கு மூச்சு உண்டு பாப்பா” என்று அப்பா சொல்வார். எட்டயபுரம் ரோட்டில் போகும்போது அந்த மூச்சு என் வயிற்றுக்குள் ஏறி இறங்கும்.

சத்தங்களுக்கு அப்பாவிடம் ஒரு கணக்கு இருந்தது. ‘கிறீச்’சென்று வந்தால் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் காய்ந்துவிட்டது. ‘லொடலொட’ என்றால் புஷ் தேய்ந்து ஷேக்கிள் ஆடுகிறது. ‘டொம்’மென்று அடங்கி வந்தால் வில் சோர்ந்து அச்சு மேலே போய் ரப்பரில் முட்டுகிறது. ‘ணங்’ என்று மணியடித்தால் இரும்பு இரும்பைத் தொடுகிறது, உடனே நிறுத்த வேண்டும். இதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை, எனக்குச் சொல்லித்தரவும் உட்காரவில்லை. சோறு சாப்பிடும்போது அம்மாவிடம், “இன்னைக்கு லொடலொடப்பு கூடிப் போச்சு” என்பார். “நேத்து கிறீச்சுன்னுல்ல சொன்னீங்க?” என்று அம்மா கேட்பாள். வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரலில்தான் இருவரும் பேசுவார்கள்.

பெயர் வைத்துவிட்டால் போதாது, இடம் தெரிய வேண்டும். பின்பக்கச் சத்தத்தில் கஷ்டமே அதுதான். இரும்புக் கூடு முழுக்க ஓடி, ஸீட்டுக்கடியில் எதிரொலித்து, கதவு வழியாகக் காதுக்கு வரும்போது அது எங்கே பிறந்தது என்று சொல்லவே முடியாது. இடது ஷேக்கிள் ஆடும், டிரைவருக்கு வலது காதில் கேட்கும். அதற்குத்தான் அப்பா என்னை டிக்கியில் போட்டார்.

எனக்கு ஏழு வயது இருக்கும். வீட்டிலேயே ஒடுங்கிப் படுக்கக்கூடிய ஆள் நான்தான். முதலில் டிக்கியை முழுக்கக் காலி செய்வார். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், தண்ணீர் கேன், எண்ணெய் டின் எல்லாம் வெளியே வந்து திண்ணையில் வரிசையாக உட்காரும். பாதி நாள் சத்தம் அதோடு போய்விடும், ஜாக்கிதான் உருண்டிருக்கும். போகவில்லை என்றால் சாக்கை விரித்து என்னைப் படுக்க வைத்து, டிக்கி மூடியை அரைவாசி திறந்தபடி கயிறு போட்டுக் கட்டுவார். கையில் இரண்டு கட்டை டார்ச். “காத நம்பாத தாயி. உள்ளங்கைய வச்சுப் பாரு. எங்கிட்டுக் குத்துதோ அங்கிட்டுத் தட்டு.” இடது என்றால் ஒரு தட்டு, வலது என்றால் இரண்டு. மாட்டுவண்டி வேகத்தில் வண்டி போகும். நான் தரைத்தகட்டில் கையை வைத்துக்கொண்டு கிடப்பேன். சத்தம் தலைக்குள் எல்லாப் பக்கமும் கேட்கும், ஆனால் உள்ளங்கையில் ஒரே ஓரிடத்தில்தான் குத்தும். எறும்பு கடிக்கிற மாதிரி அவ்வளவு துல்லியமாகக் குத்தும். அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒரு தட்டுத் தட்டி, வண்டி நின்று, மூடி திறந்து அப்பாவின் முகம் தெரிகிற நேரத்துக்காக எத்தனை தரம் வேண்டுமானாலும் அந்த இருட்டில் படுப்பேன்.

இன்னொரு வழியும் அவரிடம் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீசின் காம்பவுண்டுச் சுவர் நீளமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரை ஒட்டி வண்டியை ஓட்டுவார். கண்ணாடி இறக்கியிருந்தால் அந்தப் பக்கத்துச் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பி வரும். திரும்பி வரும்போது மறுபக்கம். அம்மா சுவர் ஓரத்து வேப்பமரத்தடியில் நிற்பாள். வெளியே நின்று கேட்பதற்கு அவள்தான். இருந்தால் தலையசைப்பாள், இல்லையென்றால் கையை விரிப்பாள். தெரிந்தவர்கள் சைக்கிளில் போனால், “என்ன மதினி, வண்டிக்கு நாடி பாக்கியளா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

மணல் மூட்டைதான் எல்லாவற்றுக்கும் மேல். எங்கள் வீட்டுப் பின்வாசலில் மணல் கட்டிய நான்கு சாக்குகள் எப்போதும் சாய்ந்திருக்கும். காலி வண்டியில் சத்தம் கேட்டுவிட்டு, பின்ஸீட்டில் இரண்டு மூட்டை ஏற்றி அதே ரோட்டில் போவார். பிறகு இடது பக்கம் மட்டும், பிறகு வலது பக்கம் மட்டும். பாரம் ஏற்றினால் வருகிற சத்தம் என்றால் ஏதோ தாழ்ந்து போய் இடிக்கிறது: வில் சோர்ந்திருக்கும், பிளேட், அதாவது பட்டை, உடைந்திருக்கும். பாரம் ஏற்றினால் நிற்கிற சத்தம் என்றால் ஏதோ தளர்ந்து தொங்குகிறது, பாரம் வந்து அதை அமுக்கிப் பிடிக்கிறது. முன்னதைப் பார வண்டிச் சத்தம், பின்னதைக் காலி வண்டிச் சத்தம் என்பார். “பார வண்டிச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம், அது ஊருக்கே கேக்கும். காலி வண்டிச் சத்தம் சவாரி ஏறுனா ஒளிஞ்சுக்கிடும்” என்று ஸ்டாண்டில் புதிதாக வந்த பையன்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதை அவர் சொல்லுகிற விதத்தில் ஒரு கலக்கம் இருக்கும். காரணம் ஒரு பங்குனி உத்திரம்.

கழுகுமலைக்கு ஒரு குடும்பம் பிள்ளைக்கு மொட்டை போடப் போயிருந்தது. எட்டு பேர். அம்பாசிடரில் எட்டு பேர் அன்றைக்குக் கூட்டமே இல்லை. முன்ஸீட் ஒரே பெஞ்சு, கியர் ஸ்டியரிங் பக்கத்தில், நடுவில் தடையேதும் கிடையாது. தேர் பார்க்க வேண்டும் என்று அழுத என்னையும் அப்பா முன்ஸீட்டில் இடுக்கிக்கொண்டார். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் பின் வில்லுக்கு இரண்டு பக்கமும் கூடுதலாக ஒரு பிளேட் போட்டிருந்தார். கல்யாணப் பார்ட்டி, ஆடி கடைசி வெள்ளி இருக்கன்குடிப் பார்ட்டி என்று பின்பக்கம் எப்போதும் அமுங்கியே ஓடியதால் டாக்சிக்காரர்கள் பலர் அப்படிப் போட்டுக்கொள்வார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும், கொஞ்சம் முரட்டுத்தனமாகவும் ஓடும்.

அந்த வாரம் முழுக்கக் காலியாகப் போகும்போது இடது பின்பக்கம் மெல்ல ஒரு ‘டக்’ இருந்திருக்கிறது. சவாரி ஏறினால் இல்லை. சீசன் நேரம், ஒரு நாளைக்கு இரண்டு சவாரி. அப்பா விட்டுவிட்டார்.

இரவு திரும்பும்போது, ஊர் வர இன்னும் பாதித் தூரம் இருக்கிறது, எட்டு பேரும் தூங்கி வழிகிறார்கள், ‘ணங்’. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். பின்னால் இருந்த பெரியவர் கண் விழித்து, “டிரைவர் தம்பி, ஊர்ப் பக்கம் போயிருவமே, பச்சப்பிள்ள இருக்கு” என்றார். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனார். நானும் குனிந்து பார்த்தேன். இடது பக்கம், பட்டைக்கட்டும் அச்சும் சேருமிடத்தில், இரும்பின்மேல் சிவப்பாக ஒரு தூள், குங்குமச்சிமிழ் கவிழ்ந்ததுபோலக் கோடாக இறங்கியிருந்தது. அப்பா விரலால் தொட்டு என்னிடம் காட்டினார். துரு. ஆனால் மழையில் பிடிக்கிற துரு மாதிரி ஒட்டிக்கொண்டு இல்லை, மாவு மாதிரி இருந்தது. இறுகிக் கிடக்க வேண்டிய இரண்டு இரும்புகள் ஒன்றையொன்று அரைத்தால்தான் அந்த மாவு வரும். யூ போல்ட் நட்டுகள் தளர்ந்திருந்தன. சென்டர் போல்ட்டின் தலை துண்டாகிவிட்டிருந்தது.

சென்டர் போல்ட்டின் தலைதான் அச்சில் இருக்கிற குழியில் உட்கார்ந்து, அச்சை நகராமல் நிறுத்துவது. அது போய்விட்டால் யூ போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் துணை. அதுவும் தளர்ந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னால் போகும், வண்டி நண்டு மாதிரிக் கோணி ஓடும். வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்பதை அப்பா அன்று யாரிடமும் சொல்லவில்லை. ரிங் ஸ்பேனரில் குழாயை மாட்டி, மல்லாந்து படுத்து, நான்கு நட்டுகளையும் இறுக்கினார். நான் டார்ச் பிடித்தேன். பிறகு பிள்ளையையும் தாயையும் அந்தக் குடும்பத்து ஆச்சியையும் மட்டும் ஏற்றி, நடை வேகத்தில் கொண்டுபோய் அடுத்த ஊர் டீக்கடையில் விட்டார். மற்றவர்களை அழைத்துவர மறுபடி வந்தார். ஊர் சேரும்போது கிழக்கு வெளுத்திருந்தது. வாடகை வாங்கவில்லை. பெரியவர் வற்புறுத்தியும் வாங்கவில்லை.

மறுநாள் காலை வீட்டு முன்னால் ஒரு வாளித் தண்ணீரைத் தெருவில் ஊற்றி, அதன்மேல் வண்டியை நேராக ஓட்டிக் காய்ந்த தரையில் ஏற்றினார். நான்கு சக்கரத்தின் ஈரத் தடமும் விழுந்தது. உட்கார்ந்து பார்த்தார். முன் சக்கரத் தடத்துக்கும் பின் சக்கரத் தடத்துக்கும் உள்ள இடைவெளி இடது பக்கம் ஒன்றாகவும் வலது பக்கம் ஒன்றாகவும் இருந்தது. விரற்கடை அளவுதான். “புது பிளேட் போட்டா ரெண்டு சவாரி ஓடினதும் திரும்ப முறுக்கணும். அது அமுங்கும், நட்டு தளரும். எனக்குத் தெரியாதா?” என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். அம்மா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குப் பிறகு, வில்லில் கை வைத்தால் நட்டின் மேலிருந்து பட்டைவரை வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார். நட்டு தளர்ந்தால் கோடு பிரிந்து காட்டிக்கொடுக்கும். தினமும் காலையில் வண்டி துடைக்கும்போது குனிந்து அந்தக் கோட்டைப் பார்ப்பார்.

அந்த வில்லைக் கழற்றி எடுத்துப் போன பட்டறையையும் சொல்ல வேண்டும். லாரிப் பட்டைகளுக்கு வேலை பார்க்கிற இடம். வயதான ஒரு தாத்தா, பட்டைகளைப் பிரித்துப்போட்டுத் தரையில் சாக்பீஸால் வளைவு வரைந்து ஒவ்வொன்றையும் அதன்மேல் வைத்துப் பார்ப்பார். நெருப்பில் காய்ச்ச மாட்டார். “தீயில போட்டா பதம் போயிரும், அப்புறம் அது வில்லு இல்ல, வெறும் தகடு” என்பார். பச்சையாகவே பட்டறைக்கல்லில் வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்திச் சம்மட்டியால் அடிப்பார். மேல் பட்டையைவிட அடுத்த பட்டைக்கு ஒரு பிடி வளைவு கூடுதல், அதற்கடுத்ததற்கு இன்னும் கூடுதல். அடுக்கி வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். சென்டர் போல்ட்டைப் போட்டு முறுக்கினால்தான் அந்த வெளிச்சம் மூடும், பட்டைகள் ஒன்றையொன்று இறுக அணைத்துக்கொள்ளும். வெளிச்சம் இல்லாமல் சும்மா படிந்து உட்காருகிற பட்டைகள் ரோட்டில் லொடலொடவென்று தனித்தனியாக ஆடும் என்றார். வெளிச்சம் மூடுகிற அந்தக் காட்சியை அங்கேதான் பார்த்தேன். இத்தனை அழகான வேலையை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை.

திருவான்மியூருக்கு வருகிறேன். என் வண்டி பதினோரு வருடம் ஓடிய சின்ன வண்டி. அதில் பட்டை கிடையாது. பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரு உத்தரம் இணைக்கிறது. உத்தரத்துக்கும் பாடிக்கும் நடுவில் பக்கத்துக்கு ஒரு காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மேலும் கீழும் ரப்பர் பேட். ஷாக் அப்சார்பர் தனியாகப் பின்னால் நிற்கிறது. சர்வீஸ் விட்ட இடத்தில் வண்டியை லிஃப்டில் தூக்கினார்கள், என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்காரச் சொன்னார்கள். ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டது என்று மாற்றினார்கள். பில்லைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன், முதல் வேகத்தடையிலேயே டொக், ணங். திரும்பக் கொண்டுபோனபோது, “ரோடு அப்படி இருக்கு மேடம், பழைய வண்டில இருக்கத்தான் செய்யும்” என்றார்கள். என்னோடு ஒரு சுற்று வாருங்கள் என்று கூப்பிட்டேன். ஒருவர் பின்ஸீட்டில் ஏறிக்கொண்டார், இன்னொருவர் பக்கத்தில். சத்தம் வரவே இல்லை.

அம்மாவுக்கும் கேட்கவில்லை. தினமும் கோயிலுக்கு என்னோடு வருகிறவள், இடது பக்கம் பின்ஸீட்டில் உட்காருகிறவள். முன்ஸீட்டில் ரோடு மேலே விழுகிற மாதிரி இருக்கிறதாம். “கேக்குதாம்மா?” என்பேன். “என்னத்த?” என்பாள். காம்பவுண்டுச் சுவரோரம் நின்று லொடலொடப்பையும் கிறீச்சையும் பிரித்துச் சொன்ன காது இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு உள்ளே இறங்கிவிட்டது. அவளிடம் சொல்லாமல், சளிக்கு என்று சொல்லி, காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். கருவி மாட்டிச் சோதித்துவிட்டு, இந்த வயதுக்கு நல்ல காது என்றார்கள்.

வீடு திரும்பும்போது அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டே வந்தாள். தெரு முனை வந்ததும், “ஏட்டி, நான் இருக்கும்போது கேக்கல, சர்வீஸ்காரன் ஏறுனா கேக்கல. நீ தனியா வந்தா கேக்குது. உங்கப்பா மணல் மூட்டை ஏத்திப் பாப்பாருல்லா, அதப் பாத்தியா?” என்றாள். வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த மூட்டைகளைப் பின்ஸீட்டில் ஏற்ற ஒரு முனையைப் பிடித்திருக்கிறேன். அம்மாவின் பாரம் அந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை நான் அவளுடைய காதின் குறையாக எண்ணி டாக்டர் வரை போய்விட்டேன்.

மணலுக்கு எங்கே போவது? மாதச் சாமான் கடையில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டு வாங்கினேன். பின்ஸீட்டில் இடது பக்கம் வைத்தேன், சத்தம் இல்லை. வலது பக்கம் மாற்றினேன், கொஞ்சம் அடங்கினாற்போல, ஆனால் இருந்தது. இறக்கினேன், டொக், ணங். காலி வண்டிச் சத்தம்.

கொட்டிவாக்கம் பக்கம் தகரக் கொட்டகையில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். போனதும் என் கண்ணில் பட்டது தரையில் இருந்த குழி. சிறுவயதில் எட்டயபுரம் ரோட்டில் ஒரு அண்ணாச்சியின் பட்டறையில் பார்த்த அதே மாதிரிக் குழி, விளிம்பில் எண்ணெய்க் கறுப்பு. இரண்டு தூண் லிஃப்ட் பாடியைப் பிடித்துத் தூக்கும், சக்கரங்கள் தொங்கிப்போகும். குழியில் வண்டி தன் சக்கரத்தில் நிற்கும், ஸ்பிரிங்கில் பாரம் இருக்கும், ரோட்டில் போகும்போது எப்படி இருக்கிறதோ அப்படியே அடியிலிருந்து பார்க்கலாம். இரண்டும் வேண்டும். நான் அரிசி மூட்டைக் கதையைச் சொன்னதும் அவர், “யாருக்கா சொல்லிக் கொடுத்தது?” என்றார். அப்பாவைச் சொன்னேன். அதற்குப் பிறகு என்னை உட்காரச் சொல்லவில்லை, குழிக்குள் இறங்கிப் பார்க்கக் கூப்பிட்டார்.

நிற்கும்போது இடது ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஜாக்கி போட்டுப் பாடியைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, பின் சக்கரங்களைத் தொங்கவிட்டார். வலது ஸ்பிரிங்கைப் பிடித்து ஆட்டினார், அசையவில்லை. இடது ஸ்பிரிங்கைப் பிடித்தார், கையோடு சுற்றியது. “சில வண்டில தொங்கும்போது கொஞ்சம் லூசாதான்க்கா இருக்கும். அதனால ஒத்தப் பக்கம் பாத்து எதுவும் சொல்லக் கூடாது. ரெண்டு பக்கமும் பாக்கணும்.” உத்தரத்தை இறக்கி ஸ்பிரிங்கை வெளியே எடுத்தபோது கீழ்ச்சுற்றின் நுனி இல்லை. அது ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குள், பொடியாய்ப் போன ரப்பரோடும் கடல் மணலோடும் கிடந்தது.

அந்தத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார். விரல் நீளம், விரல் கனம், லேசான வளைவு. உடைந்த முகத்தைப் பார்த்தேன். ஓரத்தில் பிறைபோல ஒரு பகுதி கறுத்துத் துருவேறியிருந்தது, மீதி இன்னும் சாம்பல் நிறமாகப் பொரிப்பொரியாக மின்னியது. கல் பட்டுப் பெயின்ட் உரிந்த இடத்தில் உப்புக்காற்று நுழைந்து அரித்து, விரிசல் விட்டு, பல மாதம் மெல்ல மெல்ல உள்ளே போயிருக்கிறது. கறுப்புப் பிறை அந்த மாதங்கள். மின்னுவது, மீதி இரும்பு தாங்காமல் ஒரே வீச்சில் விட்ட நாள். நுனி போனதால் ஸ்பிரிங் குட்டையாகி, சக்கரம் தாழும்போதெல்லாம் தன் இடத்தை விட்டு எழும்பி, திரும்பி வந்து தட்டியிருக்கிறது. டொக் அதுதான். ணங் இந்தத் துண்டு.

இரண்டு ஸ்பிரிங்கையும், மேலும் கீழும் ரப்பரையும் மாற்றச் சொன்னார். ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் வண்டி சாய்ந்து நிற்கும், மேலும் வலது பக்கமும் அதே காற்றில்தான் பதினோரு வருடம் இருந்திருக்கிறது. சாமான் வர இரண்டு நாள் ஆனது. மாட்டி முடித்து ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கடைசியாக இறுக்குவதற்கு முன் வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் வந்த பிறகே முறுக்கினார். தொங்கும்போது முறுக்கினால் நிற்கும்போது புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழிந்துவிடும் என்றார். வெள்ளைப் பெயின்ட் இருக்கிறதா என்று கேட்டேன். என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் டப்பாவையும் குச்சியையும் கொண்டுவந்து கொடுத்தார். போல்ட்டின்மேல் நானே கோடு இழுத்தேன்.

வண்டி வந்த அன்று மாலை அம்மா கோயிலுக்குப் புறப்பட்டாள். தெரு முனைக்கு வந்ததும், “நிப்பாட்டு, நான் இறங்குதேன்” என்றாள். கோயிலுக்கு நேரமாகிறதே என்றேன். “சாமி எங்கிட்டும் போகாது” என்று இறங்கி, வேகத்தடைக்குப் பக்கத்தில், ஒரு வீட்டுச் சுவரை ஒட்டி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். நான் பின்னால் எடுத்து, கண்ணாடிகளை இறக்கி, மாட்டுவண்டி வேகத்தில் வந்தேன். முன் சக்கரங்கள் ஏறி இறங்கின. பின் சக்கரங்கள் ஏறி இறங்கின. அம்மாவைப் பார்த்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவள் இரண்டு கைகளையும் விரித்தாள். பிறகு ஒரு விரலைச் சுழற்றி, திருப்பிக்கொண்டு இன்னொரு தரம் வரச் சொன்னாள்.